சாரல் நிற்கும் வளைவு

ராசிங்காபுரம் வீரலட்சுமிக்கு வீம்பு அதிகம். அது மட்டும் இல்லாதிருந்தால் இந்நேரம் ஏதாவதொரு கல்லூரியில் புவியியல் நடத்திக்கொண்டிருப்பாள். இப்போது விடிந்ததும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலக்காட்டில் காயெடுக்கிறாள்.

எம்.ஏ. முடித்து ஆராய்ச்சிக்குப் பதிந்தபோது பேராசிரியர் இரண்டு வழி சொன்னார். மழையென்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மாவட்டம் முழுக்க அதைத் துரத்தலாம். இல்லையென்றால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மண், மழை, மனுஷர், வண்டி என்று எல்லாவற்றையும் படிக்கலாம். வீரலட்சுமி இரண்டாவதைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த இடம் இந்த மலைச்சரிவுதான். ஆனியில் மேற்கேயிருந்து வரும் சாரல் எந்தக் கொண்டை ஊசி வளைவோடு நின்றுபோகிறது, அன்றைக்கு எத்தனை ஜீப் ஏறியது, எந்த ஊர்ப் பெண்கள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஐந்து வருஷம் நோட்டு நோட்டாக எழுதினாள்.

அந்தப் பேராசிரியர் ஓய்வுபெற்றார். புதிதாக வந்தவர் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, இது நாட்குறிப்பு, ஆராய்ச்சி இல்லை, செயற்கைக்கோள் படத்தை வைத்து முதலிலிருந்து தொடங்கு என்றார். சரிங்க ஐயா என்று தலையாட்டித் தொலைத்திருக்கலாம். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டாள். கெடு முடிந்து பதிவும் ரத்தானது. ஆனாலும் எழுதுவதை விடவில்லை. தினமும் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று நம்பினாள், பாவம்.

போன ஆனியில் கேட்டார்கள். பவதாரணி என்றொரு ஆராய்ச்சி மாணவி கைபேசியில் கேள்விப் பட்டியலோடு ஏலக்காட்டுக்கு வந்தாள். அதே சரிவு, அதே சாரல். படமெல்லாம் செயற்கைக்கோளில் எடுத்தாயிற்றாம். ஒப்புக்கு நாலு தொழிலாளரிடம் கேட்டால் போதுமாம். வீரலட்சுமி காயெடுப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள். முன்பெல்லாம் சாரல் அடிவாரத்திலிருந்து எண்ணி ஒன்பதாவது வளைவுவரை இறங்கும், இப்போது பன்னிரண்டிலேயே நின்றுவிடுகிறது, எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன் என்றாள்.

"அப்படியொரு கேள்வியே இதுல இல்லக்கா. மழை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

"குறைஞ்சிருக்கு."

"படிப்பு?"

பக்கத்தில் காயெடுத்துக்கொண்டிருந்த முனியாயி பெருமையாக வாயைத் திறந்தாள். வீரலட்சுமி அவள் கையை அழுத்தினாள்.

"இல்லைன்னு போட்டுக்க ஆத்தா."

சாயங்காலம் ஜீப் இறங்கும்போது முனியாயி வழக்கம்போல, சாரல் இன்று எத்தனையாவது வளைவில் நின்றது என்று கேட்டாள். வீரலட்சுமி பார்த்திருக்கவில்லை.