'டி'யை அடித்துவிட்டு எழுதிய 'ங்க'

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. பால்காரர் வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாகச் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்று முடிவு கட்டுகிற ஆள் நான். அதனால் பத்தாம் வகுப்பில், பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, என் உயிர்த்தோழி என்னைப் பார்த்து "வந்துட்டீங்களா?" என்று கேட்டதும் எனக்குள் மணி அடித்துவிட்டது.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று எங்களைக் கேலி செய்வது வழக்கம். உண்மைதான். கண்டக்டருக்கும் 'ங்க', கட்டின புருஷனுக்கும் 'ங்க', காய்கறிக்காரம்மாவுக்கும் 'ங்க'. அது கிடையாத ஒரே இடம் கூடப் படிக்கிற கூட்டாளிதான். ஆறாம் வகுப்பிலிருந்து அவளும் நானும் 'வாடி', 'போடி', 'ஏ புள்ள' என்றே பேசிக்கொண்டோம். துடியலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில். அவள் டிபன் பாக்ஸில் இருந்த புளிச்சோறு எனக்கு, என் தயிர்சோறு அவளுக்கு.

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். "என்னடி, புதுசா மரியாதை?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஒன்னுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே நான் துப்பறிய ஆரம்பித்துவிட்டேன். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் என்னைவிட அதிக மார்க் வாங்கியிருந்தாள், தலைக்கனம் வந்திருக்கலாம். சயின்ஸ் ரெக்கார்டில் நான் படத்தை ட்ரேஸ் எடுத்தது டீச்சருக்கு எப்படித் தெரிந்தது? அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதே. பிறகு, மாட்டுப்பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்தவள், நான் தலை பின்னி முடிப்பதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். 'அவளுக்கு ஊட்டுல வேல இருக்குதாமா கண்ணு' என்றார் அம்மா. பொங்கலன்று பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அப்படி என்ன தலைபோகிற வேலை? அதையும் அவள் பேரில் குற்றமாகச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே சாட்சியும் கிடைத்தது. வரலாறு வகுப்பில் பெஞ்சுக்குக் கீழே ஒரு துண்டுச்சீட்டு நீட்டினாள். 'நாளைக்கு மேப் கொண்டு வாடி' என்று எழுதி, 'டி'யை அடித்துவிட்டு, மேலே 'ங்க' என்று போட்டிருந்தாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்திருந்தாள். கை பழக்கத்தில் எழுதிவிட்டு, நினைவு வந்து திருத்தியிருக்கிறாள். அப்படியானால் இது வாய் தவறி வருவதல்ல, வேண்டுமென்றே செய்வது. அந்தச் சீட்டை ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் மடித்து வைத்தேன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் நானும் ஆரம்பித்தேன். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." "ரப்பர் இருந்தா குடுங்க." அவள் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். "பரவால்லீங்க, நீங்களே வெச்சுக்குங்க." இவ்வளவு மரியாதையாகச் சண்டை போட எங்கள் ஊரால்தான் முடியும். வகுப்பே எங்களைப் பார்த்துச் சிரித்தது. பிப்ரவரி முடிவதற்குள் டிபன் பாக்ஸ் மாற்றுவது நின்றது. பிறகு பேச்சும் நின்றது. பரீட்சை முடிந்ததும் அவள் சத்தியமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நலமாக இருக்கிறீர்களா' என்று தொடங்கியிருந்தது. நான் பதில் போடவில்லை.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் எங்கள் தோட்டத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அவள் அப்பா பிறகு கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். பால்காரரின் சிரிப்பைச் சந்தேகப்பட்ட எனக்கு, அதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

நான்கு வருடம் கழித்து, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். டீச்சர் ட்ரெயினிங் முடிக்கப்போவதாகச் சொன்னாள். சத்தியமங்கலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் 'நல்லா இருக்கீங்களா' போட்டு முடித்த பிறகு, பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அந்தப் பொங்கலுக்கு உங்க ஊட்டுக்கு வந்தப்ப, இனிமே உங்களை வாங்க போங்கன்னுதான் பேசோணும்னு உங்கம்மா சொன்னாங்க. அப்படிச் சொல்லச் சொன்னது நீங்கதானுங்களா?"

அன்றைக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பின்பக்கமிருந்து 'ஏ புள்ள, வெளிய வாடி' என்று அவள் கத்தியது இப்போது காதில் கேட்டது. அம்மா எழுந்து போனது, நான் கண்ணாடி முன்னால் நின்றது எல்லாம் ஞாபகம் வந்தது.

"நான் சொல்லலடி. சத்தியமா எனக்குத் தெரியவே தெரியாதுடி."

நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த 'டி' என் வாயில் வந்தது. அவள் லேசாகச் சிரித்தாள்.

"இருக்கட்டுங்க. அதுக்கென்ன இப்ப."

பஸ் வந்துவிட்டது. "வாரேனுங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். ஜன்னலோர சீட்டுதான் கிடைத்தது. ஆனாலும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவைக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "ஆமாங் கண்ணு, நாந்தான் சொன்னேன். அத்தன சனம் உக்காந்திருக்கறப்ப வாடி போடிங்கறா. பதமாத்தான் சொன்னேன். முறுக்கு கூடக் குடுத்துத்தான் உட்டேன்."

அம்மாவிடம் கத்தினேன், அழுதேன். ஆனால் அவள் சொன்ன 'இருக்கட்டுங்க'தான் மனதை அறுத்தது. நீ சொல்வதை நம்பவில்லை, ஆனால் உன்னோடு வழக்காட விருப்பமில்லை என்பதற்கு எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் எப்படி நம்புவாள்? அவள் 'ங்க' போட்ட சில நாளிலேயே நானும் போட்டேனே. இவள் அம்மா சொன்னது சரிதான், இவளுக்கும் அதுதான் வேண்டும் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

அந்தத் துண்டுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'டி' இருந்த இடத்தில் ஓட்டை. ஏண்டி இப்படிப் பேசறே என்று ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவளைப் பற்றி என்னென்னவோ யோசித்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.