ஒன்றரைச் சாண் பெட்ரோல் குழாய்

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது என் மகள். எங்கள் தீவில், ஷாதிபூரில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் நர்சம்மாக்கள் நாலு பேர், காலை ஆறு மணி டியூட்டிக்குத் தங்களைக் கொண்டுபோய் விட ஒரு பெண் ஓட்டுகிற வண்டி வேண்டும் என்று அவளிடம் வந்து கேட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். அந்த வாரமே எஞ்சின் மேலிருந்த மேனிஃபோல்டு விரிசல் விட்டது. காற்றைப் பிரித்து எஞ்சினுக்குள் அனுப்புகிற பிளாஸ்டிக் உறுப்பு அது. கார்க் கம்பெனி இப்போது அதைச் செய்வதில்லையாம். வேறொருவர் அலுமினியத்தில் செய்தது சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை ஆகிவிட்டது.

மெக்கானிக் தெலுங்குக்காரர். ஐம்பது வயது இருக்கும், கை சுத்தம். வண்டிக்கு ஆக்சிடென்ட் ஆனாலும் அவசரப்படமாட்டார். அன்றைக்கு என்னவோ அவசரப்பட்டார். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சினைச் சுற்றவிட்டு, குழாயில் நின்ற பெட்ரோலைத் தீர்த்துவிட்டுத்தான் பழையதைக் கழற்றினார். அதுவரை சரி. புதியதை உட்கார வைத்தால், பெட்ரோல் நுழைகிற வாய் எதிர்ப்பக்கம் இருந்தது. வண்டியில் இருந்த ரப்பர்க் குழாய் அதற்கு எட்டவில்லை, ஒன்றரைச் சாண் குறைந்தது.

"இதுக்குப் போய் ஏம்மா முகத்தைத் தூக்கி வச்சுக்கிறீங்க. ஹோ ஜாயேகா, ஆயிடும்" என்று படகுத்துறை ஜெட்டிப் பக்கம் போய், ஒரு நீளக் கறுப்பு ஓஸோடு வந்தார். மீன் பிடிக்கிற டுங்கிப் படகுகளுக்குப் போடும் ஓஸ். இந்தத் தீவில் எந்த வண்டிக்கு எது இல்லாவிட்டாலும் டுங்கிக் கடையில்தான் தேடுவார்கள்.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஹேடோவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாக, இருபத்தாறு வருஷம் இருந்தவள் நான். உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவத்தான் சேர்த்தார்கள். ஆள் வராத ஒருநாள் குழாய் வளைக்க விட்டார்கள். பிறகு குழாய் என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ரசீதைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். குழாயைத் தொட்டால் எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

அந்த ஓஸின் வெட்டுவாயைப் பார்த்தேன். உள்ளே நூல் பின்னல் ஒரே சுற்று.

"ஏம்ப்பா, டுங்கில பெட்ரோல் எப்படிப் போகுது?"

"குழாய்ல இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கினா போகும்."

"கையால அமுக்குற அளவுக்குச் செஞ்ச குழாய். இதுல டேங்குக்குள்ள பம்ப் உக்காந்து தள்ளுது. டயர்ல அடிக்கிற காத்தைவிட ஜாஸ்தியாத் தள்ளும்."

"சலேகா அம்மா, ஓடும். எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கேன்."

"பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் போட்டிருப்ப, அதுல பம்ப் இப்படித் தள்ளாது. நாலு பொம்பளைங்க உக்கார்ற வண்டிப்பா இது. காத்தை அடிச்சுப் பாத்துட்டுப் போடு."

"பாருங்க, உங்க திருப்திக்கு" என்றார், என் மகளைப் பார்த்துச் சிரித்தபடி. ஓஸின் ஒரு முனையில் போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு, மறுமுனையை டயருக்குக் காற்றடிக்கும் மெஷினில் மாட்டி, டயருக்கு வைப்பதைவிடக் கூட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் குழாயின் நடுப்பகுதி ஓணான் கழுத்தைப்போல உப்பியது. பிறகு படீரென்று சத்தம். என் மகள் ஸ்டெப்னி மேல் போய் உட்கார்ந்தாள். மெக்கானிக் ஓஸைச் சுருட்டிப் பெஞ்சுக்கு அடியில் எறிந்தார்.  

"சரியான ஓஸ் மெயின்லேண்டிலிருந்துதான் வரணும். அடுத்த கப்பல் புதன்கிழமை" என்றார்.

என் மகளின் முகம் விழுந்துவிட்டது. "திங்கட்கிழமை நான் போகலேன்னா வேற வண்டி பேசிடுவாங்கம்மா. அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

பழைய ரப்பர்க் குழாயைக் கையில் எடுத்தேன். அது போன வருஷம் மாற்றிய நல்ல குழாய், நீளம்தான் போதாது. இரண்டாக வெட்டி இரு முனைக்கும் மூட்டாக வைத்து, நடுவில் இரும்புக் குழாய் கொடுத்தால் எட்டிவிடும். மெக்கானிக்கின் பட்டறைக்குப் பின்னால் ஒரு கழித்த கார் கிடந்தது. உப்புக்காற்றில் அதன் பெட்ரோல் குழாயெல்லாம் துரு. ஆனால் அடிப்பக்கம் கிரீஸும் சேறும் அப்பிக்கிடந்த இடத்தில் ஒரு முழம் நன்றாக இருந்தது. வெட்டி, மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடிபோல இருந்தது.

எதிர்க்கடை ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரரிடம் குழாய் வளைக்கிற கருவி இருந்தது. செம்புக் குழாயே தருகிறேன் என்றார். எஞ்சின் நடுங்கி நடுங்கிச் செம்பு கெட்டித்துப்போய் ஒருநாள் விரிசல் விடும், கருவி மட்டும் போதும் என்று வாங்கிவந்தேன்.

மெக்கானிக் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டார், நான் வளைத்தேன். இரண்டு வளைவு. முதல் வளைவு முடிந்ததும் வைத்துப் பார்த்தேன், இரண்டாவதுக்கு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.   இரு முனையிலும் ரப்பர் நழுவாதபடி ஒரு வளையம் புடைக்கவைத்தேன்.

"அம்மா, ரிடையர் ஆனது நீங்களா, உங்க சம்பளமா?" என்றார்.

"பேசாம பிடி. கோணுது."

ரப்பரை அறுக்காத வட்டக் கிளிப்பாகப் பார்த்துப் போட்டோம். அதே அளவு காற்றை அடித்துத் தண்ணீர் வாளிக்குள் முக்கினோம். மூன்று பேரும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. சைலன்சர் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோய், இரண்டு இடத்தில் ரப்பர் வைத்து வண்டியோடு பிணைத்தோம். பிடுங்கிய ஃப்யூஸை மெக்கானிக் திரும்பச் செருகியதும், மகள் சாவியைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை பம்பை ஓடவிட்டாள். நான் மூட்டில் விரல் வைத்திருந்தேன். பிறகு எஞ்சினைப் போடச் சொன்னேன். ஒரே இழுப்பில் பிடித்தது.

ஞாயிறன்று அவள் காரை ஊர் முழுக்க ஓட்டிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை நர்சம்மாக்கள் நாலு பேரும் ஏறியதை வாசலில் நின்று பார்த்தேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வரச் சொல்லிட்டாங்கம்மா" என்றாள். அப்படியென்றால் நாளைக்கும் உண்டு.

பானெட்டைத் திறக்கச் சொல்லி, வெள்ளைத் துணியால் இரண்டு மூட்டையும் சுற்றித் துடைத்தேன். துணியில் தூசிதான் இருந்தது, ஈரம் இல்லை. அதை மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். மெக்கானிக் விரித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"என் போர்டுல உங்க பேரையும் எழுதிடவா?"

"எழுது. பெருசா எழுது, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கணும்" என்றேன்.