பேய்க்கு வலப்பக்கம் யார்?

ஓரிக்கை லோகாம்பாளுக்குப் பேய் என்றால் கொள்ளைப் பிரியம். சிலருக்குப் பூ, சிலருக்கு நகை, அவளுக்குப் பேய். மோகினி, முனி, ரத்தக் காட்டேரி, கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவன் என்று எதையும் ஒதுக்கமாட்டாள். படித்து முடித்ததும் "இம்மாந்தானா?" என்று உதட்டைப் பிதுக்குவாள். நாற்பத்தாறு வயதுக்குள் முந்நூறு பேய்க்கதையாவது படித்திருப்பாள். நிஜமாகவே அவளைப் பயமுறுத்திய கதை ஒன்றுகூட இல்லை. அந்த மனக்குறை அவளுக்கு உண்டு.

பிறந்தது தாமலில். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் கேழ்வரகு என்று காலம் தள்ளிய குடும்பம். எட்டாவதோடு படிப்பு நின்றது. இருபது வயதில் மாணிக்கவேலைக் கட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்கு வந்தாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும். தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் தறியில் ஏறினாள். கல்யாணமான இரண்டாம் மாதம் மாமியார் எழுந்து இடம் கொடுத்தாள், இவள் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷமாகிறது. அந்த இடம் இன்னும் அவளுடையதுதான்.

எந்த இடம் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாமல் இழைக்கு இழை கோர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். உடலுக்கு ஓடுவதும் இடது கரைக்கு ஓடுவதும் நடுவில் உட்கார்ந்து நெய்கிறவர் கையில். வலது கரைக்கான நாடாவை, தறியின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் ஒவ்வொரு இழைக்கும் எடுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர்தான் லோகாம்பாள். நடுவில் மாணிக்கவேல் ஆயிரம் தடவை போட்டால் அவளும் ஆயிரம் தடவை போட்டாக வேண்டும். ஆனால் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு நடுவில் இருப்பவர் மட்டும்தான் தெரிவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாணிக்கவேலுக்குச் சிறந்த நெசவாளர் விருது கிடைத்தது. மயில்நீல உடலும் அரக்குக் கரையுமான கோர்வைப் புடவைக்கு. மேடையில் அவர் பெயரைச் சொன்னார்கள், சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள். லோகாம்பாள் ஏழாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினாள். தட்டும்போதே வயிற்றெரிச்சலாக இருந்தது. பொறாமை இல்லை அது, சுத்தமான கோபம். வீட்டுக்கு வந்து ரவா கேசரி கிண்டினாள். கோபத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பேய்க்கதை வழியாகத்தான் அஞ்சும் என்பவள் அவளுக்குச் சிநேகமானாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் அவள். நூலகத்தில் எந்தப் பேய் நாவலைக் கேட்டாலும் "ஓரிக்கை அம்மா எடுத்துக்கினு போயிருக்காங்க" என்றே பதில் வர, ஒருநாள் விலாசம் விசாரித்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். "யாருக்கா நீங்க? ரெண்டு வருஷமா எனக்கு முன்னாடியே எல்லாத்தையும் படிச்சி முடிக்கறீங்க?" என்று வாசலில் நின்று சண்டை பிடித்தாள். அன்றைக்கே இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

அஞ்சும் நடத்தும் இணைய வாசகர் வட்டத்துக்குக் 'குலைநடுங்கிகள்' என்று பெயர். ஷார்ஜா, ஈரோடு, பெங்களூர் என்று எங்கெங்கோ இருந்து நாற்பத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டம். வாரத்துக்கு நாலு அத்தியாயம், அதற்கு மேல் யாரும் தாண்டிப் படிக்கக்கூடாது. லோகாம்பாள் சேர்ந்த முதல் வாரம் மைக்கைத் திறந்து, "அந்தப் பொண்ணு கெணத்தாண்ட வந்துக்கினே இருக்குது" என்று ஆரம்பித்தாள். எவனோ சிரிப்புப் பொம்மை போட்டான். அவ்வளவுதான், மைக்கை மூடிவிட்டாள். பயந்துபோய் இல்லை. நம் பேச்சைக் கேட்கக் கொடுத்து வைக்காதவனுக்கு எதற்கு வாய் வலிக்கப் பேச வேண்டும் என்ற மிதப்புதான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக எழுத்தில் "அருமை" என்பாள், அல்லது "சுமார்" என்பாள்.

இந்த முறை ஒரு எழுத்தாளரே கூட வந்து படிப்பதாக ஏற்பாடு. கோயம்புத்தூர்க்காரர் பிரியதர்ஷினி, 'ஆளில்லாத் தறி' என்ற தன்னுடைய நாவலை வட்டத்தோடு சேர்ந்து வாரா வாரம் படித்து, ஒரு அத்தியாயத்தை வாய்விட்டும் வாசித்துக் காட்டினார். கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. செத்துப்போன நெசவாளி ஒருவனின் பேய், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து கோர்வைக் கல்யாணப் புடவை நெய்கிறது. கட்டுகிற மணப்பெண் பிழைப்பதில்லை. இரண்டாவது கூட்டம் முடியும்போது பிரியதர்ஷினி சொன்னார்: "ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுதுங்க. தப்பு ஏதாச்சும் கண்ணுல பட்டா அடுத்த ஞாயிறுக்குள்ள சொல்லிப் போடுங்க. திங்கக்கிழமை அச்சகத்துக்கு அனுப்பிருவேன்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், மாணிக்கவேல் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், லோகாம்பாள் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு வந்தாள். 'தன்னந்தனியாக அது நெய்துகொண்டிருந்தது. அரக்குக் கரை பிசிறில்லாமல் நீலத்தோடு கோர்த்துக்கொண்டது' என்று எழுதியிருந்தது. லோகாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். கோர்வையாம், தன்னந்தனியாம்! ஆனைக்கும் அடி சறுக்கும்.

சிரிப்பு பாதியில் நின்றது. கரைதான் பிசிறில்லாமல் வந்திருக்கிறதே. அப்படியென்றால் வலது நாடாவை யாரோ போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு அத்தியாயமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர், மந்திரவாதி, போலீஸ்காரர் என்று எல்லோரும் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாயிற்று. ஒருத்தர் கண்ணிலும் அவள் படவில்லை. எழுதினவர் கண்ணிலேயே படவில்லை. அவள் என்றுதான் லோகாம்பாளின் மனசுக்கு வந்தது. பட்டப்பகலில், விசிறிக்கு அடியில், அவளுக்கு முதுகு சில்லிட்டது. முந்நூறு கதை செய்யாததை, ஒரு கதையில் எழுதாமல் விட்டுப்போன ஆள் செய்துவிட்டாள். எழுந்து போய்த் தறியின் வலது ஓரத்தை ஒருதடவை பார்த்துவிட்டு வந்தாள்.

மாணிக்கவேல் விழித்ததும் சொன்னாள். "நாளைக்கி அந்தம்மா கிட்ட கேக்கப்போறேன். கோர்வைக்கு ஒத்த ஆளு எப்டி பத்தும்னு."

"பேய்க் கதைக்கு இன்னா கணக்கு வழக்கு? உடு," என்றார் அவர்.

"இன்னா உடுறது? திங்கக்கிழம அச்சடிக்கப் போவுது. மறுபடியும் ஒத்த ஆளுன்னே ஊரெல்லாம் படிக்கும்."

"படிச்சா படிக்கட்டும். உனக்கு இன்னா நஷ்டம்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கரையில் ஒரு இழை தப்பினால்கூடத் தெருவையே கூட்டுகிற மனுஷன், இதற்கு ஏன் இப்படி நழுவுகிறார் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிறு மாலை, எழுத்தாளர் வாசித்து முடித்ததும் அஞ்சும், "யாராச்சும் கேள்வி?" என்றாள். லோகாம்பாள் மைக்கைத் திறந்தாள்.

"வணக்கம்மா. நான் லோகா. கத நல்லா இருக்குது, அத மொதல்லியே சொல்லிடறேன். ஆனா கோர்வைய ஒரு ஆளு நெய்ய முடியாது. வலது கரைக்கு நாடா போட இன்னொரு ஆளு வேணும். உங்க பேய்க்கு வலப்பக்கம் யாரும்மா குந்திக்கினு இருக்காங்க?"

குரு என்ற பெங்களூர்ப் பையன் முந்திக்கொண்டான். எதற்கெடுத்தாலும் அபிப்பிராயம் வைத்திருப்பவன். "பேய்க்கு எதுக்கு ஆன்ட்டி லாஜிக்? அதுக்கு நாலு கை இருக்கலாமே!"

"ஆறாம் அத்தியாயத்துல 'இரண்டு கைகளும் வெளிறிக் கிடந்தன'ன்னு எழுதி இருக்குதே தம்பி. ஒயுங்கா படிக்கலையா நீ?"

இந்தத் தடவை சிரிப்புப் பொம்மைகள் குருவுக்கு விழுந்தன. பிரியதர்ஷினியும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"நானும் சும்மா எழுதலைங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி காஞ்சிபுரம் வந்து, விருது வாங்குன ஒரு நெசவாளர் வீட்டுல அரை நாள் இருந்தேன். ஓரிக்கைல, பச்சை கேட் போட்ட வீடு. 'இந்தக் கோர்வை பூராவும் நான் ஒத்த ஆளா நெய்ஞ்சது'ன்னு அவரே சொன்னாருங்க. பொய் சொல்ற மனுசனாத் தெரியலை. வீட்டம்மா காபி கொண்டுவந்து குடுத்தாங்க, அத்தனை ருசி."

லோகாம்பாள் நிமிர்ந்து ஜன்னல் வழியாகத் தன் வீட்டுப் பச்சை கேட்டைப் பார்த்தாள். பிறகு அடுத்த அறையைப் பார்த்தாள். மாணிக்கவேல் நாடாவுக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றுவது போல ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார், ராட்டினம் சுற்றவில்லை. விருதுக்குப் பிறகு கல்லூரிப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள், அதில் இந்த முகம் அவள் நினைவில் நிற்கவில்லை. எத்தனை பேருக்கு இதே கதையைச் சொல்லி வைத்திருக்கிறாரோ!

இப்போது அவள் வாயைத் திறந்தால் நாற்பத்து மூன்று பேர் முன்னால் கட்டின புருஷனின் மானம் போகும். மூடிக்கொண்டால் நாளைக்கு அச்சில் மறுபடியும் அந்த இடம் காலியாகவே போகும். பேயின் வலப்பக்கமும் காலி, அவர் வலப்பக்கமும் காலி. அவருக்காக ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. அதைவிட ஏழாவது வரிசைக் கோபம் பெரிதாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகக் கேமராவையும் போட்டாள்.

"அந்தக் காப்பி போட்டது நான்தாம்மா. அவரு சொன்ன பொடவைல வலது கரை போட்டதும் நான்தான். நீங்க வந்த நேரம் நான் அடுப்பாண்ட இருந்தேன். அதான் தறியாண்ட உங்க கண்ணுல படலை."

அஞ்சும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராட்டினம் நகர்த்தப்படும் சத்தம் கேட்டது. மாணிக்கவேல் எழுந்து வந்து லோகாம்பாளின் தோளுக்கு மேல் குனிந்தார். திரையில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"வணக்கம்மா. அந்த ஆளு நான்தான்," என்றார். "அன்னிக்கி வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். சால்வை போட்ட புதுசு. கோர்வைக்கு ரெண்டு பேரு வேணும். இவ இல்லாங்காட்டி கரையே கெடையாது." சொல்லி முடித்ததும் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

பிரியதர்ஷினி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எனக்கே பயமா இருக்குதுங்க. அந்த அறைக்குள்ள எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கேன்! அவளைப் பார்க்கவே இல்லியே நான். அச்சகம் காத்துக்கிட்டு இருக்கட்டும். நீங்க சொல்லுங்கக்கா, யாரு அவ? என்ன பண்ணுவா?"

"யாருன்னு நீங்கதாம்மா எழுதணும். இன்னா பண்ணுவான்னு நான் சொல்றேன்," என்றாள் லோகாம்பாள். "உங்க கதைல மந்திரவாதி எலுமிச்சம்பழம் அறுத்துப் பாக்கறாரு, தாயத்து கட்டிப் பாக்கறாரு. ஒண்ணும் வேலைக்கு ஆவல. அதெல்லாம் எதுக்கு? இவ தன் கையில இருக்கற நாடாவ ஒரு வாட்டி போடாம வெச்சிக்கினா போதும். அந்தப் பேயி அப்டியே குந்திக்கினு கெடக்க வேண்டியதுதான்."

முதுகுக்குப் பின்னால் மாணிக்கவேல் மூச்சை இழுத்துவிடுவது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. குரு எழுத்தில் ஒரே ஒரு வரி போட்டான்: "ஆன்ட்டி, இன்னைக்கு நான் லைட்டை அணைக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாணிக்கவேல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் "லோகா! எம்மா நேரம்?" என்று குரல் கொடுப்பது அவர் வழக்கம். அன்றைக்குக் குரல் வரவில்லை. லோகாம்பாள் சமையல்கட்டில் சாய்ந்துகொண்டு இந்த வாரத்து அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் போனது, இரண்டு பக்கம் போனது. சத்தமே இல்லாததால் எட்டிப் பார்த்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது ஓரத்தில் காலியாக இருந்த பலகையைப் பார்த்தபடி இருந்தார்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குது," என்றாள்.

"படிச்சிட்டு வா. நான் குந்திக்கினு இருக்கறேன்," என்றார் அவர்.

லோகாம்பாள் அந்தப் பக்கத்தை அவசரப்படாமல், ஒரு வரி விடாமல் படித்தாள்.