சேதனத்தில் ஒரு ‘ன’

சண்டை முடிந்து சில வருடங்களில், ஒரு சேதன நெல் திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தராக வண்ணாத்திவில்லுப் பக்கம் போனேன். இரசாயனப் பசளையும் மருந்தும் இல்லாமல் சிறு விவசாயிகளை நெல் செய்ய வைப்பதுதான் வேலை. நாலு பேர் சேர்ந்தாலே பெரிய காரியம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சேதனத் திட்டக் கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். மண்டபம் நிரம்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தடிக்காமல் வெள்ளாமையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் போன போகத்து வெள்ளத்தைப் பற்றியே கதைத்தார்கள். சிலர் அழுகிய பயிரைப் படம் எடுத்துக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். மண்ணின் நிலையைக் காட்டத்தான் என்று நானே ஒரு விளக்கம் கற்பித்துக்கொண்டேன். படித்தவனுக்கு அந்த வசதி உண்டு. விளக்கமெல்லாம் வயலில் வைத்துச் சொல்லலாம் என்று, வந்தவர்களின் பேர்களை மட்டும் விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டேன்.

முன்வரிசையில் நயீமா ராத்தா இருந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கணவர் மௌத்தாகிவிட்டார். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் வயல்தான் வீட்டுச் சோறு.

“தம்பி, எப்ப வந்து பார்ப்பீங்க?”

“பெருநாள் முடிய வாறன் ராத்தா. நான் வந்து பார்க்கும் வரைக்கும் வயலுக்கு ஒண்டும் போட வேணாம்.”

நான் சொன்னது பசளையை.

பெருநாள் முடிந்து போனேன். சுற்றிவர எல்லா வயலும் பச்சை. ராத்தாவின் வயலில் மட்டும் பழைய வைக்கோல் அழுகிக் கிடந்தது. மற்றவர்கள் என் பேச்சைச் சட்டை செய்யாமல் விதைத்து, பசளையும் போட்டிருந்தார்கள். நம்பியவர் இவர் ஒருவர்தான்.

“ஏன் ராத்தா விதைக்கல்ல?”

“நீங்கதானே ஒண்டும் போட வேணாம் எண்டீங்க. விதைச்சா சேதம் எப்படித் தெரியும்?”

“என்ன சேதம்?”

“சேதத்துக்குத்தானே பேர் எழுதினீங்க?”

கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். சேதனம் என்றுதான் இருந்தது. ஒலிபெருக்கியில் ஊருக்குக் கேட்டது சேதம். வெள்ள நட்டஈடு தருகிறோம் என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். ராத்தா வரம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப பிள்ளையளுக்கு என்னத்த ஆக்குற?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். “விண்ணப்பத்தில சரியாத்தானே ஐசே அடிச்சிருக்கு, அது எங்கட பிழையில்ல” என்றார் மேலதிகாரி. யார் பிழை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மூன்று மாத நெல் விதை தேடிப்பிடித்து, உழுது, பிந்தி விதைத்தோம். குளத்துத் தண்ணீர் அதற்கு மட்டுமட்டாகக் காணும். பசளை வாங்க ராத்தாவிடம் காசு இல்லை. அதனால் அந்தப் போகத்தில் எங்கள் திட்டத்துக்கு இருந்த ஒரே உண்மையான சேதன வயல் அதுதான். விளைச்சல் வழமையில் பாதி. மீதிக்கு அவர் அடுத்த வீட்டு வயல்களில் கூலிக்கு அரிவி வெட்டினார்.

அன்றிலிருந்து எதைச் சொன்னாலும், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்பது என் வழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

சில வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் ‘சேதனம்’ என்று எழுதினேன். பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

“தம்பி, அந்த ‘ன’வக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க. அது கேக்காமத்தான் நான் விதைக்காம இருந்தது.”

எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. நான் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்.