சீனச் சண்டைப்படமும் ஒரு மாப்ளயும்

என் மாமனார் உலகத்தையே மாப்ள என்றுதான் கூப்பிடுவார். டீக்கடைக்காரர், கண்டக்டர், மாட்டு டாக்டர் எல்லோரும் அவருக்கு மாப்ள. உண்மையான மாப்பிள்ளையான என்னை மட்டும் 'சார்' என்பார். அவருடையது உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். நானும் அவர் மகளும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் சண்டை போடவில்லை, 'சார்' போட்டார். பதிலுக்கு நானும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்து வந்தேன். ஆனால் அந்த மாப்ளவுக்காக உள்ளுக்குள் ஏங்கிக் கிடந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசுமலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் என் மனைவி பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பிவிட்டாள். வேண்டுமென்றே போனாள் என்பது என் சந்தேகம். ஹாலில் நாங்கள் இரண்டு பேர், மேலே ஒரு ஃபேன். பேச ஒன்றும் அகப்படாமல் டிவியைப் போட்டேன். தமிழில் டப் செய்த சீனச் சண்டைப்படம் ஒன்று ஓடியது.

டப்பிங் படம் என்றாலே எனக்கு ஆகாது. வாயை மூடின பிறகும் வசனம் வந்துகொண்டிருந்தது. வில்லன் சிரிக்க ஆரம்பித்தால் நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கதையும் பெரிதாக ஒன்றுமில்லை, குருவைக் கொன்றவனைச் சீடன் தேடிப் போகிறான். ஆனால் சண்டையைக் குறை சொல்ல முடியாது. நம் படங்களைப் போல வெட்டி வெட்டிக் காட்டாமல், தலை முதல் கால் வரை தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் ஒற்றை பெஞ்சை வைத்துக்கொண்டு கதாநாயகன் ஆடிய ஆட்டத்தில் நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

மாமனார் வேறு மாதிரி ரசிகர். வசனம் வந்தால் தூங்குவார், அடி விழுந்தால் விழிப்பார். பத்துப் பேர் சுற்றி நின்று, ஒவ்வொருவராக வந்து அடி வாங்கியது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், மத்தவனெல்லாம் டோக்கன் வாங்கிட்டு நிக்கிறானா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். 'சார்' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசிச் சண்டையில் கதாநாயகன் கூரை விட்டுக் கூரை பறந்தான். சும்மா இருக்க மாட்டாமல், அவன் இடுப்பில் கட்டிய கம்பி தெரிகிறது பாருங்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து வில்லன் பின்னாலிருந்து கத்தியை உருவினான். மாமனார் சோபா நுனிக்கே வந்துவிட்டார்.

"சும்மா இருடா மாப்ள. அவனே உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கான், நீ கம்பியப் பாக்குற."

சொன்னது அவருக்கே தெரியவில்லை. எனக்குக் கம்பியும் மறந்தது, கதையும் மறந்தது. இந்தப் படத்தில் குறையே இல்லை என்று அப்போது யார் கேட்டாலும் சத்தியம் செய்திருப்பேன்.

வளைகாப்பிலிருந்து வந்தவளிடம் அடுக்களையில் வைத்து ரகசியமாகச் சொன்னேன். 'டா' போட்டாரா என்று கேட்டாள். போட்டார் என்றேன். அப்படியென்றால் அது டீக்கடைக்காரருக்குச் சொல்கிற மாப்ள, சொந்த மாப்பிள்ளைக்கு 'ங்க' வரும் என்று இலக்கணம் பேசினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "மாப்ள, உசிலம்பட்டி ஒன்னு குடுடா" என்று கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். டிரைவர் வண்டியை எடுத்தார்.

"கம்பி தெரிஞ்சது வாஸ்தவந்தான்" என்றார். "வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க மாப்ள."

வெயில் எப்போதோ இறங்கியிருந்தது. "சரி மாமா" என்றேன்.