அவள் மாதிரியே ஒரு போட்டோ

கையில் போட்டோ இருந்ததால்தான் அன்று என் மகளைக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏழு வயது. கடலூரில் எங்கள் எதிர்வீட்டுக் குடும்பத்தோடு காலையில் பீச்சுக்குப் போயிருந்தாள். அவர்கள் நனைந்த துணியோடு திரும்பி வந்தார்கள். ஓடும் கூட்டத்தில் அவள் கை விட்டுப்போயிருந்தது. நான் அலமாரியிலிருந்து அவளுடைய பிறந்தநாள் போட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டுடியோவில் எடுத்தது. முகம் முழுக்கப் பவுடர். முன்பற்கள் விழுந்திருந்ததால் வாயை மூடச் சொல்லி, முகவாயை விரலால் நிமிர்த்தி எடுத்திருந்தார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்களைத் தங்கவைத்திருந்தார்கள். வாசலில் நின்ற பெண்ணிடம் போட்டோவை நீட்டினேன்.

"இந்த மாதிரி செவப்பா யாரும் இல்லீங்களே. தனியா வந்தது ஒரே ஒரு புள்ளதான். அது கருத்த புள்ள, பல்லு இல்ல, வாய் மட்டும் ஓயல. இது அமைதியான புள்ளயால்ல இருக்குது."

'இல்லீங்களே' என்றதோடு நான் கிளம்பிவிட்டேன். மற்றதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்கே பார்த்ததை எழுதப்போவதில்லை. மாலையில் வேறு வழி தெரியாமல் அதே மண்டபத்துக்கு வந்தபோது, அவள் உள்ளே யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். சாப்பிடும்போது, தலை வாரும்போது, அப்பாவிடம் வம்பு பேசும்போது எடுத்தேன். கேமராவைக் கண்டாலே அவளுக்கு ஸ்டுடியோ முகம் வந்துவிடும். அதனால் இடுப்பருகே வைத்து, பார்க்காமலே அழுத்தப் பழகினேன். அழுத்துவதற்கு முன் அவளுக்குக் கோபம் வருகிற மாதிரி ஏதாவது கேட்பேன். பாதிப் படங்களில் கதவும் காலும்தான் இருக்கும். முடி வெட்டினால் புதுப் படம், கண்ணாடி போட்டதும் புதுப் படம். ஒன்றைப் பிரிண்ட் போட்டு பர்ஸில் வைப்பேன். வெளியூர் போகும் நாளில், உடுத்தியிருக்கும் துணியோடு கட்டாயம் ஒன்று.

"உங்கம்மா சிஐடியில இருக்க வேண்டியவ," என்பார் என் வீட்டுக்காரர் அவளிடம்.

அவள் ஒன்பதாவது படித்தபோது ஆனித் தேருக்குச் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். தெற்கு வீதியில் தேர் நின்றிருந்தது. அக்கா மகளோடு தேர் வடம் பிடிக்கப் போவதாக என் மகள் சொன்னாள். கூட்டம் கடைச் சுவர் வரை நெருக்கிக்கொண்டிருந்தது. கேமராவை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, "ஒங்க கணக்கு டீச்சர் ஒன்ன சோம்பேறின்னது சரிதானடி?" என்று ஆரம்பித்தேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. "எடுத்துக்க. பச்ச சுடிதார் தெரியுதா? தொலைஞ்சா காட்டணும்ல."

"ஆமா," என்றேன்.

"அன்னிக்கி நான் தொலையலம்மா. மண்டபத்துலதான் இருந்தேன். நீ வாசல்ல அந்தம்மாகிட்ட பேசிட்டுப் போன. ஜன்னல்லேர்ந்து கூப்ட்டேன். போட்டோவப் பாத்துக்கிட்டே ஓடுன."

இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை.

"வரியா இல்லியாடி, அம்மாவும் பொண்ணும் வூட்ல போயி கொஞ்சிக்கிங்க," என்று அக்கா மகள் அவள் கையை இழுத்தாள்.

"கூப்ட்டா கேக்குற தூரத்துல இரு," என்றேன்.

"நீ இரும்மா. நான் கூப்ட்டா கேக்குற தூரத்துல."

கேமராவை அணைத்துப் பையில் போட்டேன். தேர் அசைந்தது. வடத்தின் ஓரமாக, இடிபட்டு, நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நானும் நடந்தேன். பச்சை தெரிந்தது, மறைந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல்.

"ம்மா, கண்ணாடி வுழுந்துடும்போல. புடி."

தலைகளுக்கு மேலாகக் கைமாறி அது என்னிடம் வந்தது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு நாலு அடிக்கு அப்பால் முகம் தெரியாது. கூட்டத்தில் என்னைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. முட்டித் தள்ளி வடத்துக்கு இன்னும் நெருக்கமாகப் போனேன். மேல வீதி திரும்பும்வரை அவள் மறுபடி கூப்பிடவில்லை. நான் காதைக் கொடுத்தபடியே நடந்தேன்.