ஒத்தை விசிலும் ஒரு கூட்டம் பூநாரையும்

பஸ் கண்டக்டரின் கண் இருக்க வேண்டிய இடம் மூன்று: படிக்கட்டு, பணப்பை, டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடிக்கிறவர் முகம். என் கண் நாலாவதாக ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. அதுதான் என் வியாதி. கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரைக்கும் இருக்கும். மருந்து கிடையாது.

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போய்த் திரும்புகிற ரூட் என்னுடையது. மழை ஓய்ந்ததும் எந்தெந்த ஊரிலிருந்தோ பறவைகள் வந்து இறங்கிவிடும். அதுகளைப் பார்க்க ஜனங்கள் கார் பிடித்து, தொப்பி போட்டு, செலவு பண்ணிக்கொண்டு வருகிறார்கள். நான் சம்பளமும் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் நின்றபடி பார்க்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் வேலை நேரத்தில் வேறெதையோ வேடிக்கை பார்த்து மாட்டிக்கொண்டவர் யாராவது இருந்தால், வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான்.

ஒரே ஒரு குறை. பூநாரையை மட்டும் நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஸ்டாண்டிலிருந்து பார்த்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் யாரோ ரோஸ் கலர் புடவையைக் காயப்போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். வண்டி அங்கே நிற்பது ஒரு டீ குடிக்கிற நேரம். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர என் முட்டி ஒத்துழைக்காது. பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது ஊரைத் தாண்டியதும் ஒரு வளைவு உண்டு. மழைக்காலம் முடிந்த கையோடு ஏரித் தண்ணீர் அங்கே ரோட்டோரம் வரைக்கும் வந்து கணுக்கால் ஆழத்தில் நிற்கும். பூநாரை கிட்டத்தில் இறங்கினால் அங்கேதான் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு ட்ரிப்பிலும் கழுத்தை நீட்டுவேன். கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

தொத்திக்கொண்ட விதம்

முதல் குற்றவாளிகள் மெட்ராஸிலிருந்து வந்த ரெண்டு பேர். கழுத்தில் பைனாகுலர், கையில் தண்ணி பாட்டில். திருப்பாலைவனத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருத்தர், "சார், அந்தக் கரண்ட் கம்பில பாருங்க" என்று பைனாகுலரை என் கையில் கொடுத்துவிட்டார். பார்த்தால் பனங்காடை. தினம் பார்க்கிற பறவைதான், மண் கலரில் உம்மென்று உட்கார்ந்திருக்கும். நான் பார்க்கிற நேரம் பார்த்து இறக்கையை விரித்தது. அடேங்கப்பா! உள்ளே அத்தனை நீலத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாள் இந்த மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது?

நான் பைனாகுலரை இறக்கவே இல்லை. ஆளெல்லாம் ஏறியாகிவிட்டது. ரெண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும், விசில் என் வாயில், வாய் திறந்தபடி இருக்கிறது. டிரைவர் மாணிக்கம் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார், திரும்பிப் பார்த்தார், கடைசியில் சீட்டிலிருந்து எழுந்தே பார்த்தார்.

"இன்னா நைனா, அதுவும் ஏறணுமா? டிக்கெட் எடுத்துச்சா?"

குருவி வாங்கிக்கொடுத்த ஸ்டாப்பிங்

எங்கள் தொழிலில் ரெண்டு விசில் என்றால் போலாம், ஒத்தை விசில் என்றால் நிறுத்து. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாயில் விசிலோடு இருக்கிறவன் திடீரென்று மூச்சு விட்டால், அதுவும் ஒத்தை விசில்தான்.

மார்கழி மாதம். ரெண்டு பக்கமும் கதிர் விட்ட நெல். அதன் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு பூனைப்பருந்து இப்படிச் சாய்ந்து, அப்படிச் சாய்ந்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி போனது. ஆஹா என்று நினைத்தேன். நினைத்தது விசில் வழியாக வந்துவிட்டது. மாணிக்கம் அண்ணன் ஒழுங்கான மனுஷர், உடனே பிரேக் போட்டார். நடு வயலில் வண்டி நின்றது. இறங்க ஒருத்தரும் இல்லை. நான் முழித்த முழி இருக்கிறதே! அதற்குள் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் பின்சீட்டிலிருந்து எழுந்து நிதானமாக இறங்கினார். அவருடைய வயலே அதுதானாம். தினமும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவர். நடந்தது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பருந்து போன திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எத்தினி தடவ மனு குடுத்தோம் இங்க ஒரு ஸ்டாப்பிங் கேட்டு! ஒரு குருவி வந்து வாங்கிக் குடுத்துட்டுப் போவுது பாரு!"

காக்கா ரூட்

பெரியவருக்குச் சந்தோஷம். மற்றவர்களுக்கு இல்லை. அந்த மார்கழியில் அதே மூச்சு இன்னும் சில தடவை வந்துவிட்டது, நத்தைகுத்தி நாரைக்கு ஒன்று, கூழைக்கடாவுக்கு ஒன்று. ரயிலைத் தவறவிட்ட யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். பிராஞ்ச் மேனேஜர் கூப்பிட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை, சிரித்துக்கொண்டே பேசினார்.

அன்றிலிருந்து வளைவு வந்தால் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். இந்த ரூட் போய்விட்டால் எனக்கு அந்தச் சம்பளம் எங்கேயும் வரும். இந்த மார்கழி எங்கே வரும்? வீட்டில்கூடச் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன்.

மேனேஜர் சொன்னது இதுதான்: "ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல இன்னொரு தபா வண்டி நின்னுச்சு, உன்ன சிட்டி ரூட்ல போட்ருவேன் சேகரு. அங்க காக்கா இருக்குது, நல்லாப் பாரு."

தேசம்மா அக்காவின் பறவை சாஸ்திரம்

தேசம்மா அக்கா பழவேற்காட்டுக்காரி. காலையில் ஏரி மீனை அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடி, பொன்னேரி மார்க்கெட்டுக்கு என் வண்டியில்தான் வருவாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கூடைக்கு இலவசம் இல்லை. இந்த விஷயத்தில் எங்களுக்குள் நடக்கிற சண்டையைக் கேட்பதற்கென்றே முன்சீட்டில் இருந்து பின்சீட்டுக்கு மாறி உட்காருகிறவர்கள் உண்டு.

சண்டை ஓய்ந்த ஒரு நாள், "பூநாரை உங்க பக்கம் வருதாக்கா?" என்று கேட்டுவிட்டேன். வராமல் என்ன, வீட்டுக்குப் பின்னாலேயே விடிய விடியக் கத்துகிறதாம், தூங்க முடியவில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது. எப்படி இருக்கும் என்று கேட்டேன். யார் பார்த்தார்கள் என்றாள். அவள் கணக்கில் உலகத்தில் இருப்பது ஒரே பறவை, கொக்கு. உயரமாக இருந்தால் பெரிய கொக்கு, குள்ளமாக இருந்தால் சின்னக் கொக்கு. பருந்து மட்டும் தனி, ஏனென்றால் அது திருடன், ஈரச்சாக்கே அதற்காகத்தான். நான் பூநாரையின் கால் எப்படி, மூக்கு எப்படி என்று விளக்கிக்கொண்டே போனேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"தே, கண்டக்டரு. கொழம்பு வைக்கக்கூட ஆவாத பறவைய இன்னாத்துக்குயா பாக்குறே?"

வீட்டோடு போன லட்சணம்

லீவு நாளில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். என் மனைவி வசந்தியையும் கூட்டிக்கொண்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு, படகு பிடித்துப் போனேன். முந்தின வாரம் ஊற்றின மழையில் ஏரி ரொம்பிக் கிடந்தது. பூநாரைக்கு நிற்கத் தரை வேண்டும், தரையே இல்லை. ஒன்றுகூட இல்லை. படகுக்காரர், "நேத்து வந்திருக்கணும் சார்" என்றார். எந்த ஊர் போனாலும் இதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு புளிசாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். தண்ணியில் நட்டிருந்த வலைக்கழி ஒன்றில் நீலமாக ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று வசந்திதான் காட்டினாள். மீன்கொத்தி. பொளக்கென்று குதித்து, மீனோடு வந்து, அதைக் கழியில் நாலு அடி அடித்து, விழுங்கியது. வசந்தி சோற்றை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொத்திக்கொண்டது போல என்று எனக்கு ஒரே குஷி. அடுத்த கழியில் இருந்த காக்கா அவள் கவனத்தைக் கலைத்தது.

"மீன்கொத்தி நல்லாருக்குங்க. ஆனா இந்தக் காக்காய நம்ம மொட்ட மாடியிலயே பாத்திருக்கலாம், படகுக்காரருக்கு வேற இன்னாத்துக்கு அழுவணும்?"

பொதுச்சொத்து

பிறகு பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன். டிக்கெட் பையோடு அதுவும் தொங்கும். அது எனக்கு உதவியதைவிட வண்டிக்குத்தான் அதிகம் உதவியது. கைமாறிக் கைமாறிக் கடைசி சீட்டு வரைக்கும் போய்த் திரும்பும்போது கண்ணாடியில் எண்ணெய், பவுடர், ஒரு தடவை சுண்டல்.

ஒரு நாள் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது தூரத்தில் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கொடுத்து, தண்ணீருக்கு நடுவே பாருங்கள் என்றேன். வெகுநேரம் பார்த்தார். பைனாகுலரை மெல்ல, மெல்ல, கரைப் பக்கமாகத் திருப்பினார். பல்லைக் கடித்தார்.

"வாத்து தெரியல கண்டக்டரே. வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்த எங்க வூட்டுக்காரரு சீட்டாடிக்கினு இருக்கிறது சுத்தமாத் தெரியுது."

செக்கிங் ஏறின காலை

தை மாதம். ஏரி வற்ற ஆரம்பித்துவிட்டது. பழவேற்காடு ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரத்துக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். ஏறினவர் முன்னால் நான் எப்படி இருக்க வேண்டும்? விறைப்பாக, ஒழுங்காக, வாயில் விசிலோடு. வளைவு வருகிறது என்பது ஞாபகம் இருந்தது. விசிலை எடுத்துப் பையில் போட்டால் ஏன் என்று கேட்பாரே என்று போடவில்லை.

வளைவு திரும்பியது. பூநாரை. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம், கல் விட்டெறிந்தால் படுகிற தூரத்தில், தண்ணீர் தெரியாத அளவுக்கு. தலையைக் கீழே விட்டு வளைந்த மூக்கால் சேற்றை அளைந்துகொண்டு, குச்சிக் காலால் நடந்துகொண்டு. ஒன்று மட்டும் இறக்கையை விரித்தது. உள்ளே அடுப்புத் தணல் மாதிரி சிவப்பு, ஓரத்தில் கறுப்பு.

பீப்.

மாணிக்கம் அண்ணன் நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். "இங்க ஸ்டாப்பிங் கிடையாதே. யார் எறங்கறது?"

சிட்டி ரூட்டும் காக்காவும் என் கண்ணுக்குள் வந்துவிட்டன. பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான். மயக்கமா வருது, நான்தான் நிறுத்தச் சொன்னேன்." தேசம்மா அக்கா! மயக்கம் வந்தவள் அன்னக்கூடையை ஒரே தூக்கில் இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "மயக்கம்னா கூடை எதுக்கும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏன், கூடைய உன் கையில குடுத்தா கொழம்பு வச்சிக் குடுப்பியா?"

வண்டி சிரித்தது. ஒவ்வொரு படியாக, கூடையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அவள் மாதிரி மெதுவாக யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. அவ்வளவு நேரமும் நான் பூநாரையைப் பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நேரத்துக்கு மார்க்கெட் போனால்தான் அவளுக்கு வியாபாரம், அடுத்த பஸ் எப்போது வருமோ, வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டில் நின்றுகொண்டு அவளே கத்தினாள், "போலாம் ரைட்டு!" இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

மறுநாள் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததும் கும்பிடலாமா, அழலாமா என்று தெரியாமல் நின்றேன். மயக்கம் தெளிஞ்சுதாக்கா என்று மட்டும் கேட்டேன். கூடையை என் காலடியில் இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் வேற இன்னா வேலை? அதுங்களத்தான் பாத்துக்கினு குந்தினு இருந்தேன். அல்லாம் ஒண்ணா எழுந்து பறந்துச்சு பாரு, யம்மாடி, வானமே செவந்து போச்சுயா, வாயத் தொறந்துக்கினு நின்னுட்டேன். அந்த நேரம் பாத்து பருந்து வந்து சாக்க வாரி, மடவை மீனு ரெண்ட தூக்கிக்கினு பூடுச்சு. இனிமே இந்தக் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டே, உன் விசில புடுங்கி ஏரியில வுட்ருவேன்!"

ஆக, இத்தனை வருஷ சர்வீஸில் நான் கண்டுபிடித்தது என்னவென்றால், பறவை பார்க்க விடியற்காலையும் வேண்டாம், படகும் வேண்டாம், பைனாகுலரும் வேண்டாம், நடுரோட்டில் மீன்கூடையோடு இறங்க ஓர் ஆள் இருந்தால் போதும்.